'பீர்தானே!' என்ற பேச்சும், பாட்டிலுக்குள் இருக்கும் கணக்கும்

பெங்களூர் நகரில் சில ஆண்டுகளாக ஒரு புதிய பழக்கம் வேரூன்றி வருகிறது. வார இறுதி மாலையில் படித்த இளைஞர்கள் நாலைந்து பேர் ஒரு மேஜையைச் சுற்றி அமர்கிறார்கள். மேஜை மீது பெரிய பாட்டில்களின் வரிசை கிடையாது. பெருத்த வயிறும் குறுகிய வாயும் கொண்ட சிறிய கண்ணாடிக் கிண்ணங்கள் இருக்கின்றன. அவற்றில் வெல்லப்பாகு நிறத்தில் ஒரு பானம் பாதிக்கும் குறைவாக ஊற்றப்படுகிறது. ஊற்றியதும் யாரும் எடுத்துக் குடித்துவிடுவதில்லை. கிண்ணத்தை மெல்லச் சுழற்றுகிறார்கள். மூக்கருகே கொண்டு போகிறார்கள். ஒருவருக்குப் பேரீச்சம்பழ வாசனை வருகிறதாம். இன்னொருவருக்கு உலர்ந்த திராட்சையும் காய்ச்சிய சர்க்கரையும் தெரிகிறதாம். பிறகு ஒரு மிடறு. முதலில் இனிப்பு, அடுத்துக் கசப்பு, கடைசியில் தொண்டையில் ஒரு சூடு. அந்த ஒரு கிண்ணம் காலியாக முக்கால் மணி, ஒரு மணி நேரம்கூட ஆகிறது. 'பார்லி ஒயின்' என்று அதற்குப் பெயர்.

அதே மாலையில், அதே நகரில், ஸ்ரீராமபுரத்திலோ அல்சூரிலோ கலாசிபாளையத்திலோ உள்ள ஒரு கடையில் வேறொரு காட்சி. பகல் முழுவதும் கட்டடத்தில் கலவை சுமந்தவரும், ஆபீசில் பேரேடு பார்த்தவரும் தோளோடு தோள் உரசி நிற்கிறார்கள். ஆளுக்கு ஒரு 650 மில்லி ஸ்ட்ராங் பீர். பத்து நிமிடத்தில் ஒன்று முடிகிறது. அடுத்தது வருகிறது. "போதும்பா" என்று பக்கத்தில் இருப்பவர் தடுத்தால், "பீர்தானே அண்ணா, இது என்ன பண்ணிடும்?" என்று சிரித்துக்கொண்டே பதில் வருகிறது.

இந்த இரண்டு காட்சிகளுக்கும் இடையே பணம், உடை, பேச்சு என்று எத்தனையோ வேறுபாடுகள் உண்டு. அவற்றையெல்லாம்விடப் பெரிய வேறுபாடு ஒன்று இருக்கிறது. முதல் மேஜையில் அமர்ந்திருப்பவருக்குத் தம் கிண்ணத்தில் எத்தனை சதவீதம் மதுச்சத்து இருக்கிறது என்பது தெரியும். இரண்டாவது கடையில் நிற்பவருக்குத் தெரியாது. தெரிவிக்க வேண்டியவர்களும் அக்கறையோடு தெரிவிப்பதில்லை. சிந்திக்க வேண்டிய விஷயம் இதுதான்.

திராட்சை இல்லாத ஒயின்

பார்லி ஒயினில் திராட்சை ஒரு சொட்டுக்கூடக் கிடையாது. அது பீர் வகையைச் சேர்ந்தது. ஒயினுக்கு நிகரான வலு இருப்பதால் அந்தப் பெயர் வந்தது. சாதாரண பீரில் 4, 5 சதவீத மதுச்சத்து இருந்தால், இதில் 8 முதல் 12 சதவீதம் வரை இருக்கும். அதற்கு மேலும் போவதுண்டு. குளிர் மிகுந்த இங்கிலாந்தில், பெரிய பண்ணை வீடுகளில் இத்தகைய கெட்டி பீர்களைக் காய்ச்சி மாதக் கணக்கில், ஆண்டுக் கணக்கில் பீப்பாயில் வைத்துப் பழமையாக்கிக் குடித்தார்கள். பிற்காலத்தில் பர்ட்டன் நகரத்தின் பாஸ் கம்பெனி தன்னுடைய 'நம்பர் 1' என்ற வலுவான பீரைப் 'பார்லி ஒயின்' என்ற பெயரால் விற்றுப் புகழ் பெற்றது.

அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ நகரத்து ஆங்கர் மதுவாலை 1975இல் 'ஓல்டு ஃபாக்ஹார்ன்' என்ற பெயரில் இத்தகைய பீரைக் கொண்டு வந்தது. அதன் லேபிளில் வெறுமனே 'பார்லி ஒயின்' என்று இல்லாமல் 'பார்லி ஒயின் பாணி ஏல்' என்று அச்சிடப்பட்டது. வாங்குகிறவர் இது திராட்சை மது என்று ஏமாந்துவிடக் கூடாது அல்லவா? ஒரே ஒரு சொல்லைக்கூட அங்கே சும்மா விடவில்லை. லேபிளில் உள்ள சொல்லுக்கு அவ்வளவு மதிப்பு.

மதுவைப் பழமையாக்கிச் சுவைப்பது வெள்ளைக்காரர் கண்டுபிடித்த வித்தை என்று யாரும் எண்ண வேண்டியதில்லை. மூங்கில் குழாயில் அடைத்து முற்ற வைத்த தேறலைப் பற்றிச் சங்கப் பாடல்கள் பேசுகின்றன. அதே தமிழில்தான் வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஒரு தனி அதிகாரமே ஒதுக்கினார். சுவையும் தெரியும், கேடும் தெரியும் என்ற நிலையில் இருந்த இனம் இது. இன்று சுவையும் தெரியாமல், கேடும் தெரியாமல் குடிக்கும் நிலை வந்திருப்பதுதான் வருத்தம்.

முதல் டிகாஷன், இரண்டாம் டிகாஷன்

இந்தக் கெட்டி பீர் எப்படிச் செய்யப்படுகிறது என்று தெரிந்துகொண்டால், அதன் வலு எங்கிருந்து வருகிறது என்பதும் விளங்கிவிடும். பார்லியை ஊற வைத்து, முளை கட்டி, காய வைத்தால் அது மால்ட். பெங்களூர் வீடுகளில் கேழ்வரகை முளை கட்டிக் காய வைத்து அரைத்துக் குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சுகிறார்களே, அதே வேலைதான். முளை விடும்போது தானியத்தில் ஏற்படும் மாற்றத்தால், அதன் மாவுச்சத்து வெந்நீரில் சர்க்கரையாக மாறத் தயாராகிவிடுகிறது. மால்ட்டை உடைத்து வெந்நீரில் ஊற வைத்தால் இனிப்பான சாறு இறங்கும். அதில் ஹாப்ஸ் என்ற கசப்புப் பூவைச் சேர்த்துக் கொதிக்க வைத்து, ஆற்றி, ஈஸ்டைச் சேர்க்கிறார்கள். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று மதுச்சத்தாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது.

பில்டர் காபி போடத் தெரிந்த எந்த வீட்டிலும் அடுத்த விஷயத்தை விளக்கவே தேவையில்லை. முதலில் இறங்கும் டிகாஷன் கெட்டி. அதே பொடியில் மறுபடி வெந்நீர் விட்டால் இறங்குவது தண்ணீர் டிகாஷன். பழைய காலத்து மதுவாலைகளிலும் இதே முறைதான். மால்ட்டிலிருந்து முதலில் வடிந்த கெட்டிச் சாற்றைத் தனியே எடுத்துப் பார்லி ஒயின் போன்ற வலுவான பீர் செய்தார்கள். மறுபடி வெந்நீர் விட்டு வடித்த இரண்டாம் சாற்றில் செய்தது சிறு பீர். எஜமானர் மேஜைக்கு முதல் சாறு; வேலையாட்களுக்கு இரண்டாம் சாறு.

சாறு கெட்டியாக இருந்தால் சர்க்கரை அதிகம். சர்க்கரை அதிகமானால் மதுச்சத்தும் அதிகம். ஆனால் மதுச்சத்து ஏற ஏற ஈஸ்டுக்கே அது நஞ்சாகிவிடும். வேலை மந்தப்படும். ஆகவே பார்லி ஒயினை அவசரப்படுத்த முடியாது. புளித்து முடிந்த பிறகும் மாதக் கணக்கில் வைத்திருந்தால்தான் அதன் காரம் அடங்கிச் சுவை கூடும். மால்ட் அதிகம், காலம் அதிகம். ஆகவே விலையும் அதிகம். அதைக் கிண்ணத்தில் கொஞ்சமாக ஊற்றி மெதுவாகக் குடிப்பதன் காரணம் நாகரிகம் மட்டுமல்ல. பையிலுள்ள பணமும் உடம்பும் வேறு வழி விடுவதில்லை.

இந்நாட்டில் விற்கும் சாதாரண ஸ்ட்ராங் பீரின் கதை வேறு. மால்ட்டோடு அரிசி, மக்காச்சோளம், சர்க்கரை போன்றவற்றையும் சேர்த்து, செலவைக் குறைத்து வலுவை ஏற்றுகிறார்கள். சில்லென்று குளிர வைத்துக் கொடுத்தால் அதன் வலு நாக்குக்குத் தெரிவதில்லை. பார்லி ஒயின் தன் வலுவைத் தொண்டையிலேயே சொல்லிவிடுகிறது. ஸ்ட்ராங் பீர் அதைக் குளிரில் மறைத்து வைத்து, எழுந்து நடக்கும்போதுதான் சொல்கிறது.

பட்டாளத்துக்குப் போன பீப்பாய்

பெங்களூருக்கும் பீருக்கும் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதல்ல. 1809இல் இங்கே ஆங்கிலேயர் கண்டோன்மெண்ட் அமைத்தனர். பட்டாளம் வந்தது, அதன் பின்னே தமிழகத்திலிருந்து தொழிலாளரும் வியாபாரிகளும் வந்தார்கள். இன்றைய அல்சூர், சிவாஜி நகர்த் தமிழரின் வேர் அங்கேதான் இருக்கிறது. வெள்ளைச் சிப்பாய்களுக்கு பீர் தேவைப்பட்டது. தென்னிந்தியாவில் அங்கங்கே இருந்த ஐந்து மதுவாலைகளை இணைத்து, 1915இல் தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் யுனைடெட் புருவரீஸ் கம்பெனியை ஏற்படுத்தினார். பெரிய பெரிய பீப்பாய்களில் அன்று பட்டாளத்துக்கு பீர் போயிற்று. நாடு விடுதலை பெற்ற 1947இல் விட்டல் மல்லையா அதன் முதல் இந்திய இயக்குநரானார். அடுத்த ஆண்டே தலைவருமானார். அவர் பெயரைத் தாங்கிய சாலையில்தான் இன்று வானளாவிய யு.பி. சிட்டி நிற்கிறது. அந்தக் கம்பெனியின் ஆதிக்கமும் 2021இல் ஹாலந்து நாட்டு ஹைனகன் நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டது.

2010, 2011ஆம் ஆண்டுகளில் இந்நகரில் இன்னொரு திருப்பம் ஏற்பட்டது. கடையிலேயே பீர் காய்ச்சி அங்கேயே பரிமாறும் சிறு மதுவாலைகளுக்குக் கர்நாடக அரசு வழி திறந்தது. இந்திரா நகரில் டாய்ட், விட்டல் மல்லையா சாலையில் பியர் கிளப் என்று ஆரம்பித்து, அவை இன்று நகரெங்கும் பெருகிவிட்டன. கோதுமை பீர், கறுப்பு பீர், கசப்பு மிகுந்த ஏல் என்று வகை வகையாகச் செய்கிறார்கள். வெளிநாடு சென்று திரும்பும் ஊழியர்கள் பெட்டியில் பார்லி ஒயின் பாட்டிலை வைத்துக் கொண்டு வந்து நண்பர்களோடு பகிர்கிறார்கள். ருசி பார்ப்பது ஒரு கலையாகவே பேசப்படுகிறது.

சட்டம் போட்ட கோடு

ஆனால் அசல் பார்லி ஒயினை இங்கே பீர் என்று சொல்லிக் காய்ச்சி விற்க வழியில்லை. மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் வெளியிட்டு, 2019 ஏப்ரலிலிருந்து நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, 5 சதவீதம் வரை மதுச்சத்து உள்ளது சாதாரண பீர்; அதற்கு மேல் 8 சதவீதம் வரை ஸ்ட்ராங் பீர். 8ஐத் தாண்டினால் அது பீர் என்ற வரையறைக்குள் வராது. ஆகவே 10, 12 சதவீதப் பார்லி ஒயின் இந்தக் கோட்டுக்கு வெளியே நின்றுவிடுகிறது. கோட்டை ஒட்டி நிற்கும் கெட்டி ஏல் வகைகள்தான் இங்கே காய்ச்சப்படுகின்றன.

சுவைஞர்களுக்கு இதில் மனக்குறை உண்டு. "42.8 சதவீதப் பிராந்தியைத் தாராளமாக விற்கலாம். 10 சதவீத பீரை மட்டும் விற்கக் கூடாதா?" என்று கேட்கிறார்கள். கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் மறு பக்கத்தையும் பார்க்க வேண்டும். 8 சதவீதம் வரை அனுமதித்ததற்கே விளைவு என்ன? இந்தியாவில் விற்கும் பீரில் பெரும் பகுதி ஸ்ட்ராங் வகைதான். கோட்டை 12க்கு உயர்த்தினால், ஓராண்டு பழமையாக்கிய பார்லி ஒயினா கடைகளை நிரப்பும்? சர்க்கரையால் வலுவேற்றிய மலிவு பீர்தான் 12 சதவீதமாகி வந்து நிற்கும். சிறிய கிண்ணத்தில் மெதுவாகக் குடிக்கப்பட வேண்டிய வலு, 650 மில்லி பாட்டிலில் ஒரே மூச்சில் உள்ளே போகும். ரசிகர்கள் சிலரின் ருசிக்காக அந்த ஆபத்தை வரவழைக்க முடியாது. கோடு இருக்கட்டும். ஆனால் கோட்டுக்குள் நடப்பதையாவது ஒழுங்காகச் சொல்ல வேண்டாமா?

கணக்கு என்ன சொல்கிறது?

ஆபீசில் கூட்டல் கழித்தல் செய்து பழகியவர்களுக்கு இது சிரமமான கணக்கல்ல. பாட்டிலின் அளவைச் சதவீதத்தால் பெருக்கினால், உள்ளே இருக்கும் சுத்தமான மதுச்சத்து எத்தனை மில்லி என்று வந்துவிடும்.

10 சதவீதப் பார்லி ஒயின், 330 மில்லி: மதுச்சத்து 33 மில்லி.

5 சதவீத சாதாரண பீர், 650 மில்லி: மதுச்சத்து 32.5 மில்லி.

8 சதவீத ஸ்ட்ராங் பீர், 650 மில்லி: மதுச்சத்து 52 மில்லி.

42.8 சதவீதப் பிராந்தி, 60 மில்லி லார்ஜ் ஒன்று: மதுச்சத்து ஏறத்தாழ 26 மில்லி.

அதே பிராந்தி, 180 மில்லி குவார்ட்டர்: மதுச்சத்து 77 மில்லி.

இந்த ஐந்து வரிகளை ஒருமுறை நிதானமாகப் படித்தால் போதும். பெரிய இடத்தில் பயபக்தியோடு சிறு கிண்ணத்தில் ஊற்றிக் குடிக்கிறார்களே, அந்தப் 'பயங்கர வலுவான' பார்லி ஒயினின் ஒரு சிறிய பாட்டிலில் உள்ளதைவிட, தெருக்கடையில் "பீர்தானே" என்று கவிழ்க்கும் ஒரு ஸ்ட்ராங் பாட்டிலில் ஒன்றரை மடங்கு மதுச்சத்து அதிகம்! ஒரு ஸ்ட்ராங் பீர் என்பது இரண்டு லார்ஜ் பிராந்திக்குச் சமம். இரண்டு ஸ்ட்ராங் பீர் குடித்தவர், ஒரு குவார்ட்டரும் அதன் மேல் ஒரு லார்ஜும் குடித்தவருக்குச் சமம். "நான் பிராந்தி தொடுவதில்லை, பீர் மட்டும்தான்" என்று மனைவியிடமும் மேலதிகாரியிடமும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறவர், தம்மையும் அறியாமல் ஒரு பொய்யைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

விடிந்த பிறகும் விடியாத போதை

52 மில்லி மதுச்சத்தின் எடை ஏறக்குறைய 41 கிராம். இரண்டு பாட்டில் என்றால் 82 கிராம். ஈரல் ஒரு மணி நேரத்தில் செரித்து அகற்றுவது சுமார் 7 முதல் 10 கிராம் வரைதான். ஆளுக்கு ஆள் இது மாறும்; ஆனால் மோர் குடித்தாலும், எலுமிச்சம்பழம் பிழிந்து குடித்தாலும், தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டாலும் ஈரல் வேகமாக வேலை செய்யாது. இரவு ஒன்பது மணிக்கு இரண்டு ஸ்ட்ராங் பாட்டிலை முடித்தவருக்கு, அந்தச் சத்து உடம்பை விட்டு முற்றிலும் போக எட்டு மணி முதல் பன்னிரண்டு மணி நேரம் வரை ஆகலாம். அதாவது, மறுநாள் காலை ஏழு மணிக்கு அவர் ஐந்தாவது மாடிச் சாரத்தில் ஏறி நிற்கும்போதும், கம்பெனி வண்டியின் ஸ்டியரிங்கைப் பிடிக்கும்போதும் அவர் முழுதும் தெளிந்துவிட்டார் என்று சொல்ல முடியாது.

மோட்டார் வாகனச் சட்டம் 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் மதுச்சத்தைத்தான் எல்லையாக வைத்திருக்கிறது. 2019இல் திருத்தப்பட்ட பிறகு, முதல் முறை பிடிபட்டாலே ஆறு மாதம் வரை சிறையோ, ரூ. 10,000 வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். பத்தாயிரம் ரூபாய் என்றால் பலருக்கு அது ஊருக்கு அனுப்ப வைத்திருந்த பணம்; பிள்ளையின் பள்ளிக் கட்டணம். தருமபுரியிலும் திருவண்ணாமலையிலும் மாதப் பணத்துக்குக் காத்திருக்கும் தாய்க்கு, 'பீர்தானே' என்ற வார்த்தை என்ன விலை என்று தெரிந்தால் எப்படி இருக்கும்?

தெரியாமல் குடித்ததன் விலை

குடிக்கிற பொருளில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் குடிப்பதன் கொடுமையைப் பெங்களூரைப் போல அனுபவித்த நகரங்கள் குறைவு. 1981 ஜூலையில் இந்நகரில் நச்சுச் சாராயம் குடித்து 300க்கும் அதிகமானோர் இறந்தார்கள். எல்லாரும் ஏழைகள், உழைப்பாளிகள். 2007 ஜூலை முதல் தேதியிலிருந்து கர்நாடகத்தில் சாராய விற்பனை தடை செய்யப்பட்டது. ஓராண்டு நிறைவதற்குள், 2008 மே மாதத்தில், கர்நாடகத்திலும் எல்லையைத் தாண்டிக் கிருஷ்ணகிரி மாவட்டத்திலுமாக 150க்கும் அதிகமானோர் நச்சுச் சாராயத்துக்குப் பலியானார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60க்கும் அதிகமானோர் மாண்டார்கள்.

கொன்றது மெத்தனால். தொழிற்சாலைகளில் கரைப்பானாகப் பயன்படும் இந்தச் சரக்கு பார்வைக்கும் மணத்துக்கும் சாதாரண மதுச்சத்தைப் போலவே இருக்கும். ஈரலுக்குள் சென்று அது ஃபார்மிக் அமிலமாக மாறும்போது முதலில் கண் போகும். பிறகு உயிர் போகும். பார்வை மங்குகிறது என்றதுமே ஆஸ்பத்திரிக்கு ஓடினால் காப்பாற்ற மருந்து உண்டு. 'தூங்கினால் சரியாகிவிடும்' என்று படுத்தவர்கள்தான் எழுந்திருக்கவில்லை.

நச்சுச் சாராயத்தையும் முத்திரையிட்ட பீரையும் ஒன்றாக வைத்துப் பேசுவது தவறு என்று சிலர் சொல்லலாம். உண்மைதான், முத்திரையிட்ட பாட்டிலில் மெத்தனால் இல்லை. ஆனால் இரண்டிலும் ஒரு பொது நோய் இருக்கிறது. ஏழை தன் வாய்க்குள் ஊற்றிக்கொள்வது என்ன, எவ்வளவு என்று அவனுக்குச் சொல்ல வேண்டியதில்லை என்ற அலட்சியம்தான் அந்த நோய். ஒன்று ஓர் இரவில் கொல்கிறது. மற்றது இருபது ஆண்டு எடுத்துக்கொண்டு ஈரலைக் கொல்கிறது.

மேலிடத்து மயக்கம்

சிறு கிண்ணக்காரர்கள் செய்வதெல்லாம் சரி என்று சொல்வதற்கில்லை. அவர்களிடமும் ஒரு மயக்கம் இருக்கிறது. பேரீச்சம்பழ வாசனை, உலர் திராட்சைச் சுவை என்று அழகாகப் பேசிப் பேசி, உள்ளே போவது மது என்பதையே மறந்துவிடுகிறார்கள். கைவினை பீர் என்றால் உடம்புக்கு நல்லது என்பது போன்ற ஒரு பேச்சும் அடிபடுகிறது. மதுவைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வரிசையில் உலகச் சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 1988இலேயே சேர்த்துவிட்டது. பாதுகாப்பான அளவு என்று எதுவுமில்லை என்று 2023 ஜனவரியில் உலகச் சுகாதார நிறுவனம் வெளிப்படையாகவே சொன்னது. ஈரலுக்கு இந்திரா நகரும் தெரியாது, ஸ்ரீராமபுரமும் தெரியாது. அதற்குத் தெரிந்தது கிராம் கணக்கு ஒன்றுதான்.

இருந்தாலும் அவர்களிடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. குடிப்பதற்கு முன் எண்ணைப் பார்க்கிறார்கள். சிறு பாத்திரத்தில் ஊற்றுகிறார்கள். சாப்பாட்டோடு வைத்துக்கொள்கிறார்கள். அவசரப்படுவதில்லை. தெருக்கடையில் நின்றுகொண்டு குடிப்பவருக்கு இந்த நான்கில் ஒன்றுகூடக் கிடைப்பதில்லை. உட்கார இடமில்லை, சாப்பிட நல்ல பண்டமில்லை, கடை மூடுமுன் முடிக்க வேண்டும், பாட்டிலின் மேலுள்ள எண்ணோ கண்ணுக்குத் தெரியாத பொடி எழுத்தில். இது அவர் குற்றம் மட்டும்தானா?

அரசு செய்ய வேண்டியது

"அடியோடு மூடிவிட்டால் என்ன?" என்ற கேள்வி எழாமல் இருக்காது. 1937இல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948இல் அது சென்னை மாகாணம் முழுவதும் பரவியது. 1971இல் தளர்த்தினார்கள், 1974இல் மறுபடி மூடினார்கள், 1981இல் மறுபடி திறந்தார்கள். 1983இல் டாஸ்மாக் பிறந்தது. 2003இல் சில்லறைக் கடைகளும் அதன் கைக்கு வந்தன. 2024-25இல் அங்கிருந்து தமிழக அரசுக்குக் கிடைத்த வருமானம் ரூ. 48,344 கோடி. கர்நாடகமோ 2025-26க்கு ஆயத்தீர்வை இலக்காக ரூ. 40,000 கோடியை வைத்தது. இவ்வளவு பணம் வரும் வாசலை எந்த அரசும் நாளைக் காலையில் மூடிவிடப் போவதில்லை. மூடினால் கள்ளச்சாராயம் வரும் என்ற பயமும் பொய்யல்ல. ஆகவே, முழு மதுவிலக்கு வரும் வரை ஒன்றும் செய்யாமல் இருப்போம் என்று சொல்வதும் ஒரு தட்டிக்கழிப்புதான்.

உடனே செய்யக்கூடியவை சில உண்டு. பாட்டிலின் முகப்பிலேயே, பெயருக்கு நிகரான பெரிய எழுத்தில், "இதில் சுத்த மதுச்சத்து 52 மில்லி, இரண்டு லார்ஜ் பிராந்திக்குச் சமம்" என்று கன்னடத்தில் அச்சிட வேண்டும். எச்சரிக்கையை ஆங்கிலத்திலோ மாநில மொழியிலோ அச்சிடலாம் என்று விதி இருக்கிறது. குடிப்பவர் படிக்கும் மொழியில் அது இருந்தால்தான் பயன். எல்லையோரக் கடைகளிலும் தமிழர், தெலுங்கர் மிகுந்த பேட்டைகளிலும் அந்தந்த மொழியில் ஒரு விளக்கப் பலகை மாட்டுவதற்குப் பெரிய செலவு ஆகாது. வரியைச் சரக்கின் பெயரைப் பார்த்துப் போடாமல், உள்ளே இருக்கும் மதுச்சத்தின் அளவைப் பார்த்துப் போட வேண்டும். 5 சதவீத பீரைவிட 8 சதவீத பீர் போதைக்கு மலிவாக இருக்கும் வரையில், தொழிலாளி 8ஐத்தான் தேடிப் போவார். ஸ்ட்ராங் பீரைச் சிறிய பாட்டிலிலும் எல்லாக் கடைகளிலும் கிடைக்கச் செய்ய வேண்டும். ஒன்றோடு நிறுத்த எண்ணுகிறவருக்கு ஒன்று சிறியதாக இருக்க வேண்டாமா?

குடியை விட முடியாமல் தவிப்பவர்களுக்கு வழி இல்லாமல் இல்லை. ஓசூர் சாலையிலுள்ள நிமான்ஸ் மருத்துவமனையில் போதைப் பழக்கத்திலிருந்து மீட்பதற்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. 14446 என்ற எண்ணுக்குக் கட்டணமின்றித் தொலைபேசியில் பேசலாம். தினமும் அதிகமாகக் குடித்து வந்தவர் திடீரென்று ஒரே நாளில் நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு, பிதற்றல் வரக்கூடும், உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே டாக்டரின் யோசனையோடு நிறுத்துவதே நல்லது. கோவில் வாசலில் சத்தியம் செய்வது மன உறுதிக்கு உதவும். உடம்புக்கு மருந்தும் தேவை.

தொழிற்சங்கங்களுக்கும் தமிழ் அமைப்புகளுக்கும் இதில் பங்கு உண்டு. பொங்கலுக்குக் கோலப்போட்டி நடத்துகிற அமைப்புகள், சம்பள நாளுக்கு முன் ஒரு மாலை, தொழிலாளர் பேட்டையில் ஒரு கரும்பலகையை வைத்து, மேலே சொன்ன ஐந்து வரிக் கணக்கை எழுதிப் போட்டால் போதும். பிரசங்கம் தேவையில்லை. "குடிக்காதே" என்று ஆயிரம் முறை சொன்னதைக் கேட்காதவர்கூட, "ஒரு ஸ்ட்ராங் பீர் என்றால் இரண்டு லார்ஜ்" என்பதைக் கேட்டால் ஒரு கணம் யோசிப்பார். அந்த ஒரு கணம்தான் வேண்டும்.

பழைய இங்கிலாந்தில் எஜமானருக்கு முதல் சாறும் வேலையாளுக்கு இரண்டாம் சாறும் போயின. அதில் அநீதி இருந்தாலும், வேலையாளின் ஈரலுக்கு அது அறியாமல் செய்த உபகாரமாயிற்று. இன்றைய பெங்களூரில் அந்த வரிசை தலைகீழாகிவிட்டது. பார்த்துப் பார்த்துச் சிறிது குடிக்க வசதியுள்ளவருக்குச் சிறு கிண்ணம். அலுத்துக் களைத்து வருகிறவருக்குப் பெரிய பாட்டில் நிறைய வலு. வலுவானதை மலிவாக விற்கிறவர்கள், வலு எவ்வளவு என்பதையாவது அவர் படிக்கும் எழுத்தில் சொல்லட்டும். உழைத்து ஈட்டிய காசைக் கொடுத்து வாங்குகிறவருக்கு அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு. தெரிந்த பிறகு, "பீர்தானே!" என்ற பேச்சு அவர் வாயிலிருந்து அவ்வளவு சுலபமாக வராது.